முன்பக்க வேலைக்குப் பின் ஸ்டீயரிங் சரியில்லையா? காரணத்தைத் தேடும் முறை

லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியுடன் இணைக்கும் கீழ்க் கை), பால் ஜாயின்ட் (அந்தக் கையின் முனையிலுள்ள உருண்டை இணைப்பு), டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டின் முனை), ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை மாற்றிய பிறகு காரின் ஓட்டம் மாறிவிட்டால், அதை நேரே வீல் அலைன்மென்ட்டுக்கு (சக்கரங்களின் கோணங்களை இயந்திரத்தில் அளந்து சரிசெய்யும் வேலை) கொண்டுபோய் நிறுத்துவதே பலருடைய வழக்கம். அலைன்மென்ட் அவசியந்தான். ஆனால் அந்த இயந்திரம் நின்றுகொண்டிருக்கும் வண்டியின் கோணங்களை மட்டுமே அளக்கிறது. இறுகிப்போன பேரிங்கையோ, முறுக்கேறி நிற்கும் புஷ்ஷையோ (இணைப்புகளில் உள்ள ரப்பர் உறை), சரியாக முடுக்கப்படாத போல்ட்டையோ அது காட்டிக்கொடுப்பதில்லை. எனவே இயந்திரத்தை நாடுவதற்கு முன், வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, நேர்கோட்டில் நிற்காமல் அலைகிறதா, திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வர மறுக்கிறதா, அல்லது நேராக ஓடும்போது ஸ்டீயரிங் வீல் மட்டும் கோணலாக நிற்கிறதா என்பதைப் பிரித்தறிய வேண்டும். இந்த நான்குக்கும் காரணங்கள் வெவ்வேறு.

சோதனை ஓட்டத்துக்கு முன் நான்கு டயர்களின் காற்றழுத்தத்தையும் டயர் குளிர்ந்திருக்கும்போது சரிபார்க்கவும். போக்குவரத்து இல்லாத சமமான சாலையில் ஒரே தடத்தை இரு திசைகளிலும் ஓட்டிப் பார்ப்பது நல்லது. மழைநீர் வடிவதற்காகச் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிவாக அமைக்கப்படுவதால், அந்தச் சரிவில் வண்டி மெல்ல ஒதுங்குவதைக் கோளாறென்று எண்ணிவிடக் கூடாது.

இழுப்பு எப்போது வருகிறது என்பது முக்கியம். பிரேக் அழுத்தும்போது மட்டும் இழுத்தால் காலிப்பர், பிரேக் ஹோஸ், லோயர் ஆர்மின் புஷ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சீரான வேகத்திலும் இழுத்தால், முன் டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டவும். சுழலும் திசை குறிக்கப்பட்ட டயர்களானால் இந்தச் சோதனைக்காக மட்டும் மாற்றிவிட்டு மீண்டும் பழைய இடத்தில் பொருத்திவிடலாம். இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினால் குற்றம் டயருடையது. மாறாவிட்டால், அந்தப் பக்கத்துச் சக்கரத்தில் பிரேக் விடாமல் உரசுகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே கோணங்களுக்கு வரவேண்டும். சக்கரத்தின் மேற்பகுதி வெளிநோக்கி அதிகம் சாய்ந்த பக்கத்துக்கும், காஸ்டர் (பக்கவாட்டிலிருந்து பார்க்கையில், சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) குறைவாக உள்ள பக்கத்துக்கும் வண்டி இழுக்கும்.

சப்ஃபிரேமை (லோயர் ஆர்ம்கள் பொருத்தப்படும் அடிச்சட்டம்) இறக்கி ஏற்றிய வண்டியாக இருந்தால் அலைன்மென்ட் தாளில் இரு பக்கக் கேம்பரையும் (சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்) ஒப்பிட்டுப் பார்க்கவும். ஸ்ட்ரட் அமைப்புள்ள வண்டியில் சப்ஃபிரேம் வலப்புறம் நகர்ந்து பொருந்தியிருந்தால், வலது சக்கரத்தின் அடிப்பகுதி வெளியே தள்ளப்பட்டு, இடது சக்கரத்தின் அடிப்பகுதி உள்ளே இழுக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கம் எவ்வளவு கூடியதோ ஏறக்குறைய அவ்வளவே மறுபக்கம் குறைந்திருக்கும். இப்படி இருக்கையில் கேம்பர் போல்ட்டைப் போட்டு எண்களை மட்டும் இயந்திரத் திரையின் பச்சை எல்லைக்குள் கொண்டுவருவது வீண் வேலை. சப்ஃபிரேமின் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதைச் சரியான இடத்தில் அமர்த்துவதே தீர்வு.

திரும்பி வர மறுக்கும் ஸ்டீயரிங்தான் அதிகம் குழப்புவது. வலப்புறம் திரும்பியபின் வண்டி வலப்புறமாகவே போக முயலும். இடப்புறம் திரும்பியபின் இடப்புறமாக. இழுக்கும் பக்கம் இவ்வாறு மாறிக்கொண்டிருந்தால் கோணங்களைச் சந்தேகிக்க வேண்டாம். எங்கோ ஓர் இணைப்பு இறுக்கிப் பிடிக்கிறது. வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு டை ராட் எண்டுகளையும் கழற்றவும். பிறகு சக்கரத்தைக் கையால் பக்கவாட்டில் திருப்பினால், பால் ஜாயின்ட்டும் ஸ்ட்ரட்டின் மேல் பேரிங்கும் தடையின்றி அசைகின்றனவா என்பது தெரிந்துவிடும். அங்கே தடை இல்லையென்றால் ஸ்டீயரிங் வீலை மெதுவாகத் திருப்பிப் பார்க்கவும். சில இடங்களில் மட்டும் கடினமாக இருந்தால் ஸ்டீயரிங் தண்டின் (காலம்) கீழுள்ள யுனிவர்சல் ஜாயின்ட்டையும், எங்கும் ஒரே அளவில் கடினமாக இருந்தால் ரேக்கின் (ஸ்டீயரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக மாற்றும் பல்சட்டம்) இறுக்க அமைப்பையும் ஆராய வேண்டும்.

புதிய லோயர் ஆர்ம் பொருத்திய வண்டிகளில் மிகுதியாகக் காணப்படும் தவறு ஒன்று உண்டு. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புஷ் போல்ட்டை முழுவதுமாக முடுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் அந்த ரப்பர் முறுக்கிய கயிறுபோல் விறைத்து நிற்கும். வண்டியின் உயரம் சற்று மாறுபடும், ஓட்டத்தில் விறைப்பு தெரியும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். போல்ட்டைத் தளர்த்தி, வண்டியின் எடை சக்கரங்களின்மேல் இருக்கும் நிலையில், தயாரிப்பாளர் கூறும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும்.

வண்டி அலைந்தால் டோவையும் (மேலிருந்து பார்க்கையில் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) இணைப்புகளின் தளர்ச்சியையும் பார்க்கவும். முன் சக்கரங்கள் வெளிநோக்கி விரிந்திருந்தால் வண்டி நிலைகொள்ளாமல் அலையும். தளர்ச்சியை அறிய, சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிய அளவில் இடம் வலமாக அசைத்துக்கொண்டிருக்க, மற்றொருவர் ஒவ்வோர் இணைப்பின்மேலும் கைவைத்துப் பார்ப்பதே எளிய வழி. கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்குத் தெரியும். ஸ்ட்ரட்டை நக்கிளுடன் (சக்கரத்தின் பேரிங்கைத் தாங்கும் பாகம்) சேர்க்கும் போல்ட்டுகளைத் தனியாகக் கவனிக்கவும். பல வண்டிகளில் அந்தத் துளைகளில் சிறிது இடைவெளி இருப்பதால், ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டினாலே கேம்பர் மாறும், அதனுடன் டோவும் மாறும்.

கோணலான ஸ்டீயரிங் வீல் பெரும்பாலும் டை ராட்டுகளின் நீளத்தோடு தொடர்புடையது. ஸ்டீயரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டுவது தவறான வைத்தியம். ரேக் நடுவில் இல்லாமலே இருந்துவிடும், ஒரு பக்கம் திரும்பும் அளவு மறுபக்கத்தைவிடக் குறையும். ரேக்கை நடுவில் நிறுத்தி, ஸ்டீயரிங் வீலை நேராகப் பூட்டி, பின் சக்கரங்களின் திசையையும் கணக்கில் கொண்டு, இரு டை ராட்டுகளையும் சரிசெய்ய வேண்டும்.

அலைன்மென்ட் முடிந்தபின் ஸ்திரத்தன்மைக் கட்டுப்பாட்டு விளக்கு எரிந்தால், ஸ்டீயரிங் கோண சென்சாரை ஸ்கேனர் மூலம் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவரவும். ஸ்டீயரிங் தண்டை ரேக்கிலிருந்து பிரித்த வேலையில் ஸ்டீயரிங் வீல் கட்டுப்பாடின்றிச் சுழன்றிருந்தால், அதனுள் இருக்கும் ஏர்பேக் மின்சுருள் அறுந்திருக்கக்கூடும். ஏர்பேக் விளக்கு எரிவதும் ஹார்ன் ஒலிக்காமல் போவதும் அதன் அறிகுறிகள். அந்த நிலையில் ஏர்பேக் பழுது சரியாகும் வரை வண்டியை ஓட்டக் கொடுக்க வேண்டாம்.