கொழும்பு வீடுகளுக்கு மின்கருவி வாங்குவது எப்படி? சுவரையும் உதிரிப்பாகத்தையும் முன்வைத்து ஒரு வழிகாட்டி

புறக்கோட்டைப் பக்கம், குறிப்பாகப் பழைய சோனகத் தெருவின் இரும்புக் கடைகளில், ட்ரில் மெஷின் கேட்டு நிற்பவரிடம் முதலில் சொல்லப்படுவது விலையும் வாட்டும்தான். வாட் என்பது மோட்டார் இழுக்கும் மின்சாரத்தின் அளவேயன்றி, அது செய்து முடிக்கும் வேலையின் அளவன்று. 700 வாட் என்று எழுதப்பட்ட இரண்டு கருவிகளில் ஒன்று கொங்கிரீட்டில் தடையின்றி இறங்கிவிட, மற்றொன்று கைக்கு நடுக்கத்தை மட்டும் தந்துவிட்டு அதே இடத்தில் நின்றுவிடக்கூடும். ஆகவே செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் அறிய வேண்டியவை இரண்டு: தம் வீட்டுச் சுவர் எதனால் ஆனது, வாங்கப்போகும் கருவியின் உதிரிப்பாகம் கொழும்பிலேயே கிடைக்குமா என்பன.

சுவரை அறிவது கடினமன்று. முன்பு படம் மாட்டிய ஓட்டையொன்றில் மெல்லிய ஆணியை விட்டுச் சுழற்றி, கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்க்கலாம். பூச்சின் சாம்பல் நிறத் தூளைத் தொடர்ந்து சிவப்புத் தூள் விழுந்தால் அது செங்கல். சாம்பல் நிறமாகவே தொடர்ந்து, மணல் மணலாக உதிர்ந்தால் சீமெந்துக் கல். மஞ்சளும் செம்மையும் கலந்த மண்ணாகப் பொலபொலவென்று கொட்டினால், மேற்குக் கரையின் பழைய வீடுகளில் காணப்படும் கபொக் கல். ஆணி சற்றும் அசையாமல் நின்றால் உள்ளே இருப்பது கொங்கிரீட். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாடிக் குடியிருப்புகளில் சுவர்கள் கல்லால் கட்டப்பட்டிருந்தாலும், தூண், கூரைத் தளம், யன்னலுக்கு மேலே ஓடும் லிண்டல் ஆகியன கொங்கிரீட்டாகவே இருக்கும். திரைச்சீலைக் கம்பி பொருத்த வேண்டிய இடமோ சரியாக அந்த லிண்டல்தான். புதிதாகக் குடியேறுபவர்கள் செய்யும் முதல் வேலையே அதுவாக இருப்பதால், மலிவான ட்ரில்லைக் குறை கூறுபவர்களில் பலர் உண்மையில் லிண்டலோடுதான் மோதியிருக்கிறார்கள்.

இங்கே இரு வகைக் கருவிகளைப் பிரித்தறிய வேண்டும். கடைகளில் ‘ஹாமர் ட்ரில்’ என்று பொதுவாக விற்கப்படும் சாதாரண வகையில், பற்கள் கொண்ட இரண்டு வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் தாவுவதால் அடி பிறக்கிறது. நிமிடத்துக்கு நாற்பதாயிரத்தைத் தாண்டும் எண்ணிக்கையில் அடிகள் விழுந்தாலும் ஒவ்வோர் அடியும் மிகச் சிறியது. பின்னாலிருந்து உடல் பலத்தால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ‘ரோட்டரி ஹாமர்’ எனப்படும் மற்ற வகையில், காற்றை அழுத்தி ஓடும் பிஸ்டன் ஒன்று, துளையிடும் கம்பியான பிட்டின் பின்புறத்தைத் தாக்குகிறது. அடிகள் நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் அளவிலேயே விழுந்தாலும், மேசன் உளியை வைத்துச் சுத்தியலால் அடிப்பதைப் போல ஒவ்வொன்றும் ஆழமாக இறங்கும். அதில் வரிப்பள்ளம் வெட்டிய எஸ்.டி.எஸ். பிளஸ் பிட்டுகளை மட்டுமே பொருத்தலாம். சாதாரண உருண்டைத் தண்டுப் பிட்டுக்கு, அதைக் கவ்விப் பிடிக்கும் சக் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும், அதுவும் சற்று ஆடும்.

செங்கல்லும் சீமெந்துக் கல்லும் உள்ள தனி வீட்டுக்கு, 13 மில்லிமீற்றர் சக்கும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விசையும், எதிர்ப்புறம் சுழலும் வசதியும் கொண்ட 550 முதல் 750 வாட் வரையிலான சாதாரண ஹாமர் ட்ரில் போதுமானது. மரத்துக்கும் தகட்டுக்கும் அதுவே உதவும். கபொக் சுவரில் அடிக்கும் விசையை நிறுத்திவிட்டுச் சுழற்சியால் மட்டுமே துளையிட வேண்டும். இல்லையேல் 8 மில்லிமீற்றர் ஓட்டை கண் முன்னே அகன்று, திருகாணியைப் பிடிக்கும் ரோல் பிளக் நிற்காமல் கழன்று வரும். மாடிக் குடியிருப்பில் இருப்பவருக்கு என் பரிந்துரை, ஒவ்வோர் அடிக்கும் 2 ஜூல் அளவு சக்தி கொண்ட சிறிய ரோட்டரி ஹாமர். விலை சற்றுக் கூடினாலும் வேலை சில நொடிகளில் முடிவதால், அயல் வீட்டாரின் பொறுமையும் மிஞ்சும்.

கருவியில் மிச்சம் பிடிக்கலாம். பிட்டில் மிச்சம் பிடிக்கக் கூடாது. இருபது முப்பது பிட்டுகள் அடங்கிய பெட்டியை இலவசமாகத் தருகிறார்கள் என்பதற்காக ஒரு கருவியைத் தேர்ந்தெடுப்பது வீண், ஏனெனில் வீட்டில் உண்மையில் தேய்வது 6 மில்லிமீற்றரும் 8 மில்லிமீற்றரும்தான். அந்த இரண்டை மட்டும் கார்பைட் முனையுள்ள நல்ல தரத்தில் தனித்தனியே வாங்கிக்கொண்டால், மலிவான ட்ரில்லும் மதிப்போடு வேலை செய்யும்.

பெயரைப் பொறுத்தவரை, மகிட்டா, போஷ் போன்றவை நாள் முழுவதும் உழைக்கும் தொழிலாளருக்கு ஏற்றவை. மாதத்தில் ஓரிரு முறை எடுத்து வைப்பவருக்கு இங்கோ (INGCO), டோட்டல் (Total) போன்ற நடுத்தர விலைப் பெயர்கள் தாராளமாகப் போதும். ஆனால் பணத்தைக் கொடுக்கும் முன் கடைக்காரரிடம், “இதற்குரிய காபனை இப்போதே ஒரு சோடி தாருங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். மோட்டாருக்குள் தேயும் அந்தச் சிறு காபன் கட்டிகள்தான் இத்தகைய மின்கருவிகளில் பெரும்பாலும் முதலில் முடியும் பாகம். அவை கையில் கிடைத்தால் கருவி பல ஆண்டுகள் ஓடும். அவை இல்லையென்று கடைக்காரர் தலையாட்டினால், உத்தரவாத அட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்தக் கருவியை விட்டுவிடுவதே நல்லது.

கடையிலேயே ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். சக்கில் ஒரு நீளமான பிட்டைப் பூட்டி, மெதுவான வேகத்தில் சுழலவிட்டு, அதன் நுனியைக் கவனிக்க வேண்டும். நுனி ஒரு புள்ளியாக நில்லாமல் சிறு வட்டம் போடுமாயின் சக் சரியில்லை. பின்புறக் காற்றுத் துளைகளினூடே பார்த்தால் காபன் தொடும் இடத்தில் சிறிய நீலப் பொறிகள் தெரியும், அது இயல்பே. பொறி மஞ்சளாகி வளையம் போலச் சுற்றி எரிந்தாலோ, கருகிய மணம் வந்தாலோ கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெயர்த் தகட்டில் எழுத்துப் பிழையோ, நாடு குறிப்பிடாமையோ இருந்தால் அது போலியாக இருக்கக்கூடும். பெயர் பெற்ற நிறுவனங்களுக்குத்தான் போலிகளும் அதிகம்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய கருவிகளைப் பார்த்து மயங்குபவர்கள் தகட்டிலுள்ள வோல்ட்டை அவசியம் படிக்க வேண்டும். அந்நாட்டு மின்சாரம் 100 வோல்ட். நம்முடையது 230 வோல்ட். நேரடியாகச் செருகினால் மோட்டார் கருகிவிடும். மின்மாற்றியின் விலையையும் சேர்த்தால் மலிவு என்ற பேச்சே இல்லாமல் போகும்.

பற்றரிக் கருவிகளில் எண்கள் இன்னும் அதிகமாக ஏமாற்றும். 18 வோல்ட் என்பதும் ‘20 வோல்ட் மெக்ஸ்’ என்பதும் ஒன்றே: ஐந்து லித்தியம் கலங்கள், ஒவ்வொன்றும் 3.6 வோல்ட், முழுதாக மின்னேற்றிய கணத்தில் மட்டும் அளவு இருபதைத் தொடும். மலிவான பெட்டிகளில் 48, 88 என்று அச்சிடப்பட்டிருந்தாலும், அதே அளவு பற்றரிக்குள் அத்தனை கலங்களுக்கு இடமே இல்லை. திருகாணி முடுக்கவும் அலுமாரி பூட்டவும் 12 வோல்ட் கருவி போதும். 18 வோல்ட் வாங்குவதாயின் பின்னர் வாங்கும் கருவிகளுக்கும் அதே பற்றரி பொருந்துமாறு ஒரே பெயரில் நிலைத்திருப்பது சிக்கனம். விலையில் பெரும்பங்கு பற்றரிக்கே போகிறது.

இரும்பு வெட்டவும் துரு எடுக்கவும் கிரைண்டர் வாங்குவோர், இங்கு பரவலாகக் கிடைக்கும் 4 அங்குல, அதாவது 100 மில்லிமீற்றர் வகையையே எடுக்கலாம். அதன் தட்டுகள் எந்தத் தெருக்கடையிலும் கிடைக்கும். தட்டின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதித் திகதி பொறிக்கப்பட்டிருக்கும். பிசின் கொண்டு ஒட்டிய இந்தத் தட்டுகள் நம் கடற்கரை ஈரத்தில் வலுவிழப்பதால், பழைய இருப்பை விலைகுறைத்துத் தந்தாலும் வாங்காதீர்கள். தட்டில் எழுதியுள்ள சுழற்சி வேகம் கிரைண்டரின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. காப்பு மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்வதும், மரம் அறுக்கும் பல்லுத் தட்டைப் பூட்டுவதும் இந்நகரில் அன்றாடம் காணும் காட்சிகள். இரண்டுமே கையைப் பறிக்கக்கூடியவை. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் விசையை அழுத்தவே கூடாது.

வளவுக்கு வந்தால், கொழும்பின் சிறிய புல்தரைக்கு நைலோன் நூல் சுழலும் 350 முதல் 500 வாட் வரையிலான மின் புல்வெட்டி போதும். பெற்றோல் இயந்திரம் பெரிய காணிகளுக்கே உரியது. ஜிக்சோவும் சாண்டரும் மரவேலையில் விருப்பம் வந்த பிறகு யோசிக்கலாம். தரையை உடைக்கும் பெரிய பிரேக்கரை எக்காரணம் கொண்டும் வாங்க வேண்டாம். ஹாட்வெயர் கடைகளில் நாள் வாடகைக்குக் கிடைக்கும்.

மழைக்காலத்தில் வெளியே பயன்படுத்தும் முன், வீட்டு ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் வகையா என்று பார்த்து, அதிலுள்ள சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லையென்றால் முதலில் மின்னியலாளரை அழையுங்கள். சதுரத்துக்குள் சதுரம் அச்சிட்ட கருவிகள் இரட்டைக் காப்புடையவை. அவற்றுக்கு எர்த் தேவையில்லை. இரண்டு உருண்டைக் கால் பிளக்கோடு வந்தால், அதை நுழைக்க எர்த் துளையில் தீக்குச்சி செருகும் பழக்கத்தை விட்டு, ஃபியூஸ் உள்ள 13 அம்பியர் பிளக்கை மாற்றிக்கொள்ளுங்கள். சுருள் எக்ஸ்டென்ஷன் வயரை முழுதாக விரித்த பிறகே கருவியை ஓட்ட வேண்டும்; சுற்றியிருக்கும் வயர் சூடேறி உருகும்.

பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் கருவியின் தொடர் இலக்கம் எழுதப்பட்டிருக்க வேண்டும். வெப்பத் தாளில் அச்சான சீட்டு சில மாதங்களில் வெளுத்துப்போவதால், அன்றே கைபேசியில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. உத்தரவாதத்தைக் கடை மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்தில் முறையிடும்போது அவர்கள் முதலில் கேட்கக்கூடியது அந்தச் சீட்டையே.