பழைய ஸ்லாட் கார் பாடி: பெயிண்ட்டை உரிப்பதா, விடுவதா?

பழைய ஸ்லாட் கார்கள், அதாவது தடத்தில் உள்ள பள்ளத்தில் மின்சாரத்தால் ஓடும் பொம்மைப் பந்தயக் கார்கள், ஒரு பெட்டி நிறையக் கைக்கு வந்தால், அவற்றில் ஒன்றாவது யாரோ ஒரு சிறுவன் தூரிகையால் பூசிய தடித்த பெயிண்ட்டோடுதான் இருக்கும். கதவு விளிம்பில் வழிந்து உறைந்த ஒரு துளி, பம்பரின் மேலும் ஏறிவிட்ட நிறம், கூரையில் கோணலாக எழுதப்பட்ட ஓர் எண் ஆகியவற்றைப் பார்த்ததும் எதையாவது ஊற்றிச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். எந்தத் திரவத்தில் ஊறவைப்பது என்பது இரண்டாவது கேள்வி. உரித்த பெயிண்ட்டைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது என்பதால், உரிக்கத்தான் வேண்டுமா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தீர்மானம், பெயிண்ட் அடித்தது யார் என்று கண்டறிவதில் தொடங்குகிறது. 1963-இல் ஆரோரா நிறுவனம் வெளியிட்ட தண்டர்ஜெட் 500 போன்ற, எச்ஓ எனப்படும் மிகச் சிறிய அளவுக் கார்களின் பாடிகள் பெரும்பாலும் நிறம் கலந்த பிளாஸ்டிக்கிலேயே வார்க்கப்பட்டவை. கோடு, எண், வெள்ளிப் பூச்சு போன்ற சில்லறை வேலைகளைத்தான் தொழிற்சாலை மேலே சேர்த்தது. ஆகவே, அத்தகைய பாடி முழுவதையும் மூடிய ஒரு பெயிண்ட் பெரும்பாலும் வாங்கியவரின் கைவேலைதான். ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற பிரிட்டிஷ் ஸ்லாட் கார் பிராண்டு 1957-இல் தகரப் பாடிகளோடு அறிமுகமான காலத்துக் கார்களின் கதை நேர் எதிரானது. அங்கே தொழிற்சாலைப் பெயிண்ட்தான் காரின் முகம். அதை உரித்தால் துருப்பிடிக்கக்கூடிய வெறும் தகரம்தான் மிஞ்சும். அவற்றைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை, 1960-களின் நடுவில் காக்ஸ், மோனோகிராம், ரெவெல் முதலிய நிறுவனங்கள் விற்ற, உண்மைக் காரில் 1/24, 1/32 பங்கு அளவுள்ள கிட்டுகள். அவற்றில் பல, வாங்கியவர் தாமே கட்டிப் பெயிண்ட் அடித்துக்கொள்வதற்கென்றே வந்தவை என்பதால், வீட்டில் அடித்த பெயிண்ட் என்ற ஒரே காரணத்துக்காக அதைக் குறையாகக் கருத முடியாது. அந்தக் காலத்தில் பொறுமையாக அடித்து முடித்த ஒரு கிட், இன்று அடிக்கும் புதுப் பெயிண்ட்டைவிட மதிப்புடையது.

அடுத்து, பாடியின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். தண்டர்ஜெட் என்றால் முன்னும் பின்னும் உள்ள இரண்டு திருகுகளைக் கழற்றினால் சேசிஸ் எனும் அடிச்சட்டம் தனியே வந்துவிடும். பெயிண்ட் எட்டாத உள்பக்கத்தில்தான் பிளாஸ்டிக்கின் உண்மையான நிறம் தெரியும். ஒரே பாடி பல நிறங்களில் வந்திருக்கும். அவற்றுள் சில நிறங்கள் எளிதில் கிடைக்கும், சில அபூர்வமானவை. வெளியே அசட்டு நீலம் பூசியிருக்க, உள்ளே அபூர்வ நிறம் எட்டிப் பார்த்தால் உரிப்பதற்கு ஒரு நியாயம் பிறக்கிறது. சாதாரண நிறம் என்றால் அந்த நியாயம் பாதியாகிவிடுகிறது.

உள்ளே பார்க்கும்போதே, திருகு ஏறும் தூண்களில் விரிசல் இருக்கிறதா, பழைய பசை தெரிகிறதா என்பதையும் கவனிக்கலாம். பிறகு சக்கர வளைவுகளின் விளிம்பை ஒரு பூதக்கண்ணாடியில் பாருங்கள். அகலமான டயர் மாட்டுவதற்காக அந்த வளைவுகளைக் கத்தியால் வெட்டிப் பெரிதாக்குவது அக்காலத்து வழக்கம். வெட்டிய விளிம்பின் மேலும் பெயிண்ட் ஏறியிருந்தால், முதலில் வெட்டினார்கள், பிறகு பூசினார்கள் என்று பொருள். அத்தகைய பாடியை எவ்வளவு அழகாக உரித்தாலும் அது முழுமையான பாடியாகிவிடாது. இன்னொரு சோதனையும் உண்டு: வெளிர் நிறப் பாடியை ஒரு விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், ஓட்டையை அடைக்கும் களிம்பான புட்டி வைத்து நிரப்பிய இடங்கள் கருந்திட்டாகத் தெரியலாம். பெயிண்ட் போகும்போது அந்தப் புட்டியும் இளகி வந்துவிட்டால், மூடிக்கிடந்த ஓட்டை மறுபடி வாயைத் திறக்கும்.

இவற்றைவிட முக்கியமானதாக நான் கருதுவது, பெயிண்ட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் என்ன நிலையில் இருக்கிறது என்பதுதான். எனாமல் பெயிண்ட் பெரும்பாலும் பிளாஸ்டிக்கின் மேல் ஒரு தோல்போல உட்கார்ந்திருக்கும். லாக்கர் வகை ஸ்பிரே அப்படியல்ல. அதிலுள்ள தின்னர், வார்க்கப்பட்ட பாடிகளின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனை மெல்லக் கரைத்துக் கடித்துவிடும். ஏற்கெனவே பெயிண்ட் பெயர்ந்த ஓர் இடத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் இது புரிந்துவிடும்: அடியில் பிளாஸ்டிக் பளபளவென்று இருந்தால் நம்பிக்கை உண்டு, மங்கலாக, முடிபோன்ற நுண்விரிசல்களோடு இருந்தால், எந்தத் திரவமும் அந்தப் பளபளப்பைத் திருப்பித் தராது. இப்படிப்பட்ட பாடியை உரித்தவர்கள் கடைசியில் அந்த அசிங்கத்தை மறைக்க மறுபடியும் பெயிண்ட்தான் அடிக்கிறார்கள். வெள்ளை, மஞ்சள் போன்ற வெளிர் பிளாஸ்டிக்கின் மேல் அடர்சிவப்பு பூசியிருந்தாலும் கவனம் தேவை. பெயிண்ட் போன பின்னும் ரோஜா நிறச் சாயம், கதவு, பானெட் போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் பள்ளக் கோடுகளில் தங்கிவிடக்கூடும்.

உரிக்காமல் விடுவதற்கு இன்னொரு காரணம், அந்தப் பெயிண்ட்டே காரின் வரலாறாக இருப்பது. பந்தயத்தில் ஓடிய அடையாளங்களான எண் வட்டங்கள், தேய்ந்த மூக்கு, கையால் இழுத்த கோடுகள் ஆகியவை திட்டமிட்டு அடித்தவையாகத் தெரிந்தால் நான் கை வைப்பதில்லை. வெறும் அழுக்கும் புகையும் படிந்திருப்பதைச் சிலர் கெட்ட பெயிண்ட் என்று தவறாக எண்ணிவிடுவதும் உண்டு. வெதுவெதுப்பான சோப்பு நீரில் மென்மையாகக் கழுவிப் பார்த்த பிறகுதான் எதையும் முடிவு செய்ய வேண்டும். வெந்நீர் கூடாது, பாலிஸ்டைரீன் சுமார் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகிவிடும் என்பதால் மெல்லிய தூண்கள் கோணிக்கொள்ளும்.

உரிக்கலாம் என்று முடிவானால், பாடி எந்தப் பொருளால் ஆனது என்பது அடுத்த தடை. கண்ணாடிபோல் தெளிவான மெல்லிய தகட்டை வெற்றிடத்தில் உறிஞ்சி உருவாக்கிய பாடிகளில், அதாவது லெக்சான் எனப்படும் பாலிகார்பனேட்டிலோ பழைய பியூட்டிரேட் பிளாஸ்டிக்கிலோ ஆனவற்றில், பெயிண்ட் உட்புறமாக அடிக்கப்பட்டிருக்கும். அங்கே உரிப்பது பெரும்பாலும் தோல்வியில்தான் முடியும். அசிட்டோனும் லாக்கர் தின்னரும் அவற்றை வெளுக்கவோ கரைக்கவோ செய்யும். காஸ்டிக் சோடா கலந்த கிளீனர்களும் அவற்றை அரித்துவிடும். வார்க்கப்பட்ட பாலிஸ்டைரீன் பாடிக்குக் காஸ்டிக் சோடாவால் கேடு இல்லை. ஆனால் அசிட்டோன், தின்னர், மெத்திலீன் குளோரைடு ரக பெயிண்ட் ரிமூவர் ஆகியவை பெயிண்ட்டோடு சேர்த்துக் காரையும் கூழாக்கிவிடும். ஒருமுறை நான் அவசரத்தில் தின்னர் நனைத்த பஞ்சை ஒரு கூரையின் மேல் வைத்துவிட்டுத் திரும்பியபோது, பஞ்சின் இழைகள் பிளாஸ்டிக்கிலேயே பதிந்து முளைத்த புல்போல நின்றன. பிரேக் ஆயிலைப் புகழ்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பல பெயிண்ட்டுகளை உரிக்கும் என்பது உண்மைதான் என்றாலும், பழைய பிளாஸ்டிக்கை நொறுங்கும்படி ஆக்கிவிடும் அபாயம் இருப்பதாலும் கழுவிப் போக்குவது கடினம் என்பதாலும் நான் அதை ஒதுக்கிவிட்டேன்.

குரோம் பம்பரும் கிரில்லும் இருந்தால் அவற்றைக் கழற்றாமல் எதிலும் ஊறவைக்கக் கூடாது. அந்தப் பளபளப்பு வெற்றிடத்தில் படியவைக்கப்பட்ட மெல்லிய அலுமினியப் படலம்தான்; காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைக்கும் என்பதால் அது கண் முன்னே மறைந்துவிடும். நீரில் நனைத்து ஒட்டும் டிக்கல்களும் பிழைக்காது. விண்ட்ஷீல்டு, டிரைவர் பொம்மை ஆகியவற்றையும் கழற்றுவது நல்லது. கழற்ற முயன்றால் உடையும் என்று தோன்றினால், அதையே உரிக்க வேண்டாம் என்பதற்கான காரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

முதல் சோதனை எப்போதும் உட்புறத்தில், பெயிண்ட் தெறித்த ஒரு மூலையில் நடக்க வேண்டும். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் நனைத்து அரை நிமிடம் அழுத்தி வைத்து உருட்டுங்கள். குச்சியில் வருவது பெயிண்ட்டின் நிறமா, பிளாஸ்டிக்கின் நிறமா என்று பாருங்கள். பிளாஸ்டிக்கின் நிறம் வந்தாலோ, இடம் பிசுபிசுத்தாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பெயிண்ட் மட்டும் இளகினால், மூடியுள்ள பாத்திரத்தில் பாடியை மூழ்கவைத்து, அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, மென்மையான பல்துலக்கியால் தேய்க்கலாம். கோடுகளின் இடுக்கில் உள்ளதை உலோக ஊசியால் கிளறாமல் மரப் பல்குச்சியால் எடுக்க வேண்டும். அக்ரிலிக் பெயிண்ட் இதற்கு விரைவில் வழிவிடும். ஐம்பது, அறுபது ஆண்டுகளாக இறுகிய எனாமல் அவ்வளவு எளிதில் அசையாது. அப்போது பாலிஸ்டைரீன் பாடிக்கு மட்டும், காஸ்டிக் சோடா உள்ள கிளீனரை ரப்பர் கையுறையும் கண்ணுக்குக் காப்பும் அணிந்துகொண்டு பயன்படுத்தலாம். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால் அருகில் அடுப்போ தீப்பொறியோ இருக்கக் கூடாது. பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. ஆகவே உப்புத்தாளால் உலரத் தேய்த்துத் தூளைக் கிளப்புவது அறவே கூடாது.

முக்கால்வாசி போய்ப் பிறகு அசையாமல் நிற்கும் கட்டம் ஒன்று வரும். பெரும்பாலான பாடிகள் நாசமாவது அங்கேதான். இன்னும் கொஞ்சம் வீரியமானதை ஊற்றலாம் என்ற எண்ணம் அப்போதுதான் வருகிறது. அங்கே நிறுத்திக் கழுவி, ஒரு நாள் உலரவைத்துப் பார்த்தால், எஞ்சியது பெயிண்ட் அல்ல, பிளாஸ்டிக்கில் ஊறிய கறை என்பது சில நேரம் தெரியவரும். லேசான மங்கலைப் பிளாஸ்டிக் பாலிஷால் துடைத்து ஓரளவு தேற்றலாம். ஆனால் பாலிஷ் என்பதும் நுண்ணிய தேய்ப்புதான் என்பதால், மேடான எழுத்துகளும் கதவுக் கைப்பிடிகளும் மழுங்காதபடி அவற்றைச் சுற்றியே தேய்க்க வேண்டும்.

தொடங்குவதற்கு முன் நான்கு பக்கமும் உட்புறமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அந்தக் காரை விற்க நேர்ந்தால், இது உரித்த பாடி என்று அந்தப் படங்களோடு சொல்லிவிடுங்கள்; சேகரிப்பவர்கள் கோடுகளில் தங்கிய நிறத்தையும் பளபளப்பிலுள்ள வேறுபாட்டையும் வைத்து எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள், சொல்லாமல் மறைத்ததற்காகத்தான் விலையைக் குறைப்பார்கள்.