மூங்கில் அம்பின் இறகு விரலைக் கிழிக்காமல் இருக்க

மூங்கில் வில்லில் அம்பு தாங்கி கிடையாது. அம்பு, வில் பிடித்த கையின் விரல் மேலேயே உரசிக்கொண்டு போகும். பெரும்பாலும் விரலைக் கிழிப்பது இறகுத் தண்டின் முன் நுனிதான். கையுறை மட்டும் போட்டுச் சமாளிப்பது அரைத் தீர்வு.

எனக்குக் கைகொடுத்த வழி இது. அந்த நுனியைப் பிளேடால் சரிவாகச் சீவி, அதன் மேல் தையல் நூலை 10 சுற்று நெருக்கிச் சுற்றி, மெல்லிசாகப் பெவிகுவிக் தடவினேன். காய்ந்தபின் அம்பு முனையிலிருந்து இறகுப் பக்கமாக நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டக் கூடாது. நாணில் அம்பு மாட்டும் இடத்தையும் சுமார் 6 மி.மீ. உயர்த்தினேன்; அது தாழ்ந்திருந்தால் இறகு விரலில் இடிக்கும்.

கடலூர்க் கடற்காற்றில் மூங்கில் ஈரம் இழுத்து வளையும், பிறகு வெயிலில் வெடிக்கும். எய்வதற்கு முன், அம்பை முகத்துக்கு எட்டத்தில் பிடித்து, சுழற்றிச் சுழற்றி லேசாக வளையுங்கள். 'டிக்' என்று கேட்டால் அந்த அம்பை உடைத்தே போடுங்கள், ஒட்ட வேண்டாம். நாணை முழுதாக இழுத்தபோதும் அம்பின் முனை வில்லுக்கு வெளியே 1 அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும்.

மூங்கிலுக்குப் பதிலாகக் கார்பன் இழை அம்பை எய்பவர்களுக்கு ஒன்று: அது உடைந்து கையில் குத்தினால் பிடுங்காதீர்கள். மருத்துவரிடம் கார்பன் என்று சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் அது சரியாகத் தெரியாது.