ஸ்டீலா, அலுமினியமா? ஸ்கூபா சிலிண்டர் வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையில் இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. அலுமினியம் என்றால் லேசு என்ற கணக்கு இங்கே செல்லாது. ஸ்டீலைவிட வலு குறைந்த உலோகம் என்பதால் அதன் சுவரைத் தடிமனாகச் செய்தாக வேண்டும்: ஏறத்தாழ 12 மி.மீ. ஸ்டீலுக்கு 4, 5 மி.மீ. போதும். டைவ் சென்டர்களில் வாடகைக்குத் தரும் அலுமினியம் 80 (80 கன அடி காற்று என்ற பெயரில் வரும் அளவு), காற்றே இல்லாமல் 14 கிலோவைத் தாண்டும். அதே அளவு காற்று பிடிக்கும் ஸ்டீல் சிலிண்டர் பெரும்பாலும் அதைவிடச் சற்று எடை குறைவாகவே இருக்கும்.

பார்க்க வேண்டியது தண்ணீருக்குள் இருக்கும் எடையை, அதுவும் காற்று தீர்ந்துவரும் நேரத்து எடையை. கடல்நீரில் அலுமினியம் 80 நிறைந்திருக்கும்போது முக்கால் கிலோ அளவுக்கு நம்மைக் கீழே இழுக்கும். காலியானதும் 2 கிலோ மேலே தூக்கும். ஐரோப்பாவில் பரவலாக இருக்கும் 12 லிட்டர், 232 பார் (பார் என்பது அழுத்த அலகு) ஸ்டீல் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது நாலரை கிலோ இழுக்கும். காலியான பிறகும் ஒரு கிலோவுக்குக் குறையாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். தயாரிப்புக்குத் தயாரிப்பு இந்த எண்கள் கொஞ்சம் மாறும். வாங்குமுன் அந்த மாடலின் அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஸ்டீல் சிலிண்டரின் எடை கடைசிவரை மாறாது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தவறு. ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிராம். 12 லிட்டரில் 232 பார் நிரப்பினால் 2,700 லிட்டருக்கு மேல் காற்று, அதாவது 3 கிலோவுக்கு மேல். சிலிண்டர் எந்த உலோகமாக இருந்தாலும் அந்த எடை நம் மூச்சோடு போய்விடும். வித்தியாசம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில்தான்.

இதைக் கவனிக்காவிட்டால் சிக்கல் தெரிவது டைவின் கடைசியில், மேலே வருமுன் 5 மீட்டர் ஆழத்தில் சில நிமிடம் நிற்கும் சேஃப்டி ஸ்டாப்பின்போது. ஸ்டீலில் பழகியவர், மிதக்காமலிருக்க உடலில் கட்டும் அதே ஈய எடைகளோடு அலுமினியம் 80-ஐ மாட்டிக்கொண்டு இறங்கினால் முதல் அரைமணி நேரம் எல்லாம் சரியாகவே இருக்கும். அழுத்தமானி 50 பாரைத் தொடும்போது நிற்க முடியாமல் மேலே போய்விடுவார். அவர் கூட்டியிருக்க வேண்டிய ஈயம் சுமார் 3 கிலோ. அலுமினியத்திலிருந்து ஸ்டீலுக்கு மாறுபவர் அதே 3 கிலோவைக் கழற்ற வேண்டும்.

ஈயத்தைச் சரிபார்க்க நல்ல நேரமும் டைவின் கடைசிதான். 50 பார் மிச்சமிருக்க, பிசிடியை (காற்றடைத்து மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் ஜாக்கெட்) முழுக்கக் காலி செய்துவிட்டு, 5 மீட்டரில் நிதானமாக மூச்சுவிட்டபடி நிற்க முடிகிறதா என்று பாருங்கள். நிறைந்த சிலிண்டரோடு மேற்பரப்பில் பார்ப்பதானால், பிசிடி காலி, சாதாரண மூச்சை அடக்கிய நிலை, நீர்மட்டம் கண்ணளவு. அதன்மேல் 2 கிலோ சேர்க்க வேண்டும்.

ஈயம் குறைகிறதே என்று மயங்கி, தேவைக்கு மேல் கனமான ஸ்டீலை வாங்குவதைத்தான் மிகவும் ஆபத்தானதாக நினைக்கிறோம். 12 லிட்டர் ஸ்டீல் இரண்டை முதுகில் மாட்டினால் தொடக்கத்தில் 9 கிலோ இழுப்பு. 7 மி.மீ. வெட்சூட் 30 மீட்டரில் நசுங்கி, தன் மிதப்பில் பெரும்பகுதியை இழந்துவிடும். அங்கே பிசிடி கிழிந்தால் அத்தனை எடையையும் நீந்தியே மேலே கொண்டுவர வேண்டும். ஈயமாக இருந்தால் அவிழ்த்துப் போடலாம், சிலிண்டரைப் போட முடியாது. கனமான ஸ்டீல் ட்ரைசூட்டுக்கும் (தண்ணீர் புகாத டைவ் உடை) குளிர்நீருக்கும் பொருந்தும். 3 மி.மீ. சூட்டோ வெறும் டி-ஷர்ட்டோ போட்டு வெப்பக் கடலில் இறங்குபவருக்கு அலுமினியமே நல்லது. பக்கவாட்டில் தொங்கவிடும் கூடுதல் சிலிண்டருக்கும் அலுமினியம்தான்.

அழுத்த எண்ணைக் கவனிக்காமல் வாங்குவதும் நடக்கிறது. அலுமினியம் 80 என்று பெயர் இருந்தாலும் 3,000 பிஎஸ்ஐயில் (பாரைப் போல இன்னொரு அழுத்த அலகு) அது பிடிப்பது 77.4 கன அடி. 100 கன அடி ஹெச்பி (உயர் அழுத்த) ஸ்டீலுக்கு 3,442 பிஎஸ்ஐ வேண்டும். உங்கள் ஊர்க் கடை 3,000-த்தில் நிறுத்திவிட்டால் கிடைப்பது 87 கன அடிதான். 300 பார் வால்வில், வால்வின் மேல் கவ்விப் பிடிக்கும் யோக் ரெகுலேட்டர் பொருந்தாது, உள்ளே திருகி மாட்டும் டின் வேண்டும். 2,400 பிஎஸ்ஐ முத்திரையோடு கூட்டல் குறியும் இருந்தால் 10 சதவீதம் கூட்டி 2,640 வரை நிரப்பலாம். புளோரிடா குகை டைவர்கள் அதே சிலிண்டரில் 3,600 அடைக்கும் பழக்கத்தைப் பின்பற்றாதீர்கள்.

பழைய சிலிண்டர் வாங்குவதானால் தோளில் அடித்த முத்திரையைப் படியுங்கள். லக்ஸ்ஃபர் அமெரிக்காவில் 1988 வரை பயன்படுத்திய 6351 அலுமினியக் கலவையில், கழுத்து மரைகளில் மெல்ல விரிசல் வரும். சோதனையில் தேறியிருந்தாலும் பல கடைகள் அதை நிரப்ப மறுக்கின்றன. விலை மலிவு என்று வாங்காதீர்கள். புதுப்பெயின்ட் பளபளக்கும் அலுமினியத்தையும் சந்தேகியுங்கள். பவுடர் கோட்டிங் அடுப்பில் சூடு 176 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தால் அந்த உலோகத்தின் வலு போயிருக்கும். அமெரிக்க விதிப்படி அதைப் பயன்பாட்டிலிருந்தே நீக்க வேண்டும்.

ஸ்டீலில் அடியிலுள்ள ரப்பர் உறையைக் கழற்றிப் பாருங்கள். உப்புநீர் தேங்கி, பூச்சு உரிந்து, துரு குழிகுழியாகத் தின்றிருப்பது அங்கேதான். உள்ளே துரு பிடிக்காமலிருக்க, சிலிண்டரை முற்றிலும் காலியாக விடாமல் 20, 30 பார் மிச்சம் வைத்து எடுத்துவையுங்கள். ஆண்டுக்கொருமுறை வால்வைக் கழற்றி உட்புறம் பார்க்கச் சொல்லுங்கள்.