ஒரே அலைவரிசையில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்: மீடியம் வேவில் கண்டுபிடிப்பது எப்படி?

தூரத்து வானொலி கேட்கக் குமரி மாவட்டம் கொடுத்து வைத்த இடம். மீடியம் வேவ் அலைகள் உப்புத் தண்ணீர் மேல் அதிகம் தேயாமல் வரும். நமக்கோ தெற்கிலும் தென்மேற்கிலும் கடல். முட்டம், குளச்சல், மணக்குடி பக்கம் வீடு என்றால் பழைய டிரான்சிஸ்டரே போதும்.

1. இரவு ஏழுக்கு மேல் உட்காருங்கள். வானில் வெகு உயரத்தில் மின்னேற்றம் பெற்ற காற்று இருக்கிறது; அதுதான் அயனி மண்டலம். பகலில் அதன் கீழ்ப் பகுதியான டி அடுக்கு இந்த அலைகளை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்தால் அது கரைந்துபோகும். மேல் அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலைகள் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் வரும்.

2. செட்டைப் பேட்டரியில் போட்டு மொட்டை மாடிக்குப் போங்கள். இரைச்சலைக் கிளப்பும் எல்இடி பல்பும் மொபைல் சார்ஜரும்தான் முதல் எதிரிகள்.

3. டிஜிட்டல் செட் என்றால் நிலையம் தேடும்போது அது தாவும் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியை 9-க்கு மாற்றுங்கள். மறந்தால் பாதி நிலையங்கள் சரியாக விழாது.

4. செட்டைத் திருப்பப் பழகுங்கள். உள்ளே நீளவாக்கில், அலையைப் பிடிக்கும் ஆன்டெனாவாக ஒரு ஃபெரைட் கம்பி இருக்கிறது. அதன் முனை நிலையத்தை நோக்கினால் ஒலி அடங்கும், பக்கவாட்டில் நின்றால் ஓங்கும். நாகர்கோவிலில் பகலில் 1161 கிலோஹெர்ட்ஸில் திருவனந்தபுரம் வானொலியை வைத்து, செட்டின் குறுகிய முனையை வடமேற்கே திருப்பிப் பாருங்கள், புரிந்துவிடும்.

5. இனிதான் விஷயமே. சில நாடுகளில் ஒரே நிகழ்ச்சியை ஒரே அலைவரிசையில் பல டிரான்ஸ்மிட்டர்களில் விடுவார்கள். பிரிட்டனில் பிபிசி ரேடியோ 5 லைவுக்கு 693, 909 இரண்டும் அப்படித்தான். எல்லாம் துல்லியமாக ஒத்து ஓட வேண்டும். இரண்டு டிரான்ஸ்மிட்டர்களின் அலைவரிசைக்கும் இடையே 0.1 ஹெர்ட்ஸ் வித்தியாசம் இருந்தால் 10 நொடிக்கு ஒருமுறை ஒலி அமுங்கி எழும். 5 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு ஐந்து தடவை படபடக்கும். இரண்டும் ஏறக்குறைய சம பலத்தில் வரும்போதுதான் இது நன்றாகத் தெரியும்.

இரவில் எந்த நிலையமும் ஏறி இறங்கத்தானே செய்யும் என்பீர்கள். சரிதான், ஆனால் அந்த ஏற்ற இறக்கத்துக்குக் கணக்கு கிடையாது. டிரான்ஸ்மிட்டர் கோளாறோ கடிகாரம் மாதிரி வரும். கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு அமுங்கலுக்கும் நொடி எண்ணுங்கள். இடைவெளி மாறாமல் இருந்தால் செட்டை மெல்லத் திருப்புங்கள். ஒரு டிரான்ஸ்மிட்டர் அடங்கும் கோணத்தில் அமுங்கலும் குறைந்தால், ஐயமே வேண்டாம், இரண்டு இருக்கின்றன. இரவில் மேலிருந்து திரும்பி வரும் வான்வழி அலை பகல்போல் சுத்தமாக அடங்காது. கொஞ்சம் பொறுமை வேண்டும்.

6. பேச்சு இரட்டித்து, எதிரொலிபோல் கேட்டால் அது வேறு கோளாறு. தூரம்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். அலை 300 கிலோமீட்டரை ஒரு மில்லிநொடியில் கடந்துவிடும். அந்தத் தாமதம் காதுக்கு எட்டாது. ஒரு நிலையத்துக்கு நிகழ்ச்சி செயற்கைக்கோள் வழியாகவும் இன்னொன்றுக்குத் தரைவழியாகவும் போனால் கால் நொடி அளவுக்குப் பிந்தும்.

பிபிசியின் 909 நம் மாடிக்கு எட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நெதர்லாந்தின் ட்வெண்டே பல்கலைக்கழகத்தில் வெப்எஸ்டிஆர் என்று, யாரும் இணையத்தில் திருப்பிக் கேட்கக்கூடிய வானொலி செட் ஒன்று இருக்கிறது. அதில், அங்கே இரவாக இருக்கும் நேரத்தில், இணையம் வழியாகக் கேட்டுக் காதைப் பழக்கலாம். அப்புறம் மாடிக்குப் போங்கள்.