குடத்தின் வால் அறுபடாமல் லூப் வெட்ட

கன்னியாகுமரி மாவட்டம் ஈத்தாமொழிப் பக்கம் ஓர் அம்மன் கொடையில், பாடியவர்களிடம் கேட்டுக்கொண்டு வில்லுப்பாட்டைப் பதிவு செய்தேன். அதிலிருந்து குட வாசிப்பை லூப்பாக, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் சிறு ஒலித்துண்டாக, வெட்டும் முறை இது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. எம்பி3 வேண்டாம், தொடக்கத்தில் சிறு மௌனம் சேர்ந்துவிடும், லூப் ஒட்டாது.

முதலில் வேகம். நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் ஒரு தட்டு 0.6 விநாடி, எட்டுத் தட்டு கொண்ட ஒரு சுற்று 4.8 விநாடி. உடுக்கை நடுவில் கொஞ்சம் முந்தும். அதை மென்பொருளின் தட்டுக் கட்டத்துக்குள் இழுத்து வைக்காதீர்கள், அந்த முந்தலில்தான் உயிர் இருக்கிறது. முதல் தட்டும் மொத்த நீளமும் சரியாக இருந்தால் போதும்.

தட்டி வாசிக்கும் மண்குடம்தான் பாடுபடுத்தும். அந்த 'டும்' அடங்க நேரமாகும், அப்படி நீளும் ஓசைதான் வால். வாசிப்பு தொடங்கிய முதல் சுற்றை வெட்டினால், லூப் திரும்பும் இடத்தில் வால் அறுந்து கேட்கும். அதனால் எப்போதும் இரண்டாவது சுற்றையோ மூன்றாவதையோ வெட்டுங்கள். முந்தைய சுற்றின் வால் அதன் தொடக்கத்திலேயே கலந்திருக்கும், தானாகப் பொருந்திவிடும். அலை பூஜ்யக் கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்டினால் 'டிக்' சத்தமும் வராது.

கடற்காற்றின் உறுமலுக்கு 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் குறையுங்கள். மேலே போனால் குடம் மெலிந்துவிடும்.

அப்புறம், கோப்பின் பெயரிலேயே வேகத்தை எழுதுங்கள்: குடம்_100_8தட்டு.