பள்ளியில் பல பண்பாட்டு இசை மாலை: முதன்முறை நடத்துவோருக்கு

இத்தகைய நிகழ்ச்சி பெரும்பாலும் சொதப்புவது ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறும் இடைவெளியில்தான். அதை மனதில் வைத்தே திட்டமிடுங்கள்.

படி 1: நேரக் கணக்கு

மொத்தம் 90 நிமிடம் போதும். ஓர் உருப்படிக்கு 4 நிமிடம், மேடை மாற்ற 2 நிமிடம். 12 உருப்படிக்கு 72 நிமிடம் ஆகும். வரவேற்புக்கு 3, கூட்டுப்பாட்டுக்கு 5 போக, மீதி 10 தாமதத்துக்கு. அறிவிப்புகளை மேடை மாறும் நேரத்திலேயே முடித்துவிட வேண்டும். பதின்மூன்றாவதாக யாராவது கேட்டால், மனதைத் திடப்படுத்திக்கொண்டு மறுத்துவிடுங்கள்.

படி 2: யார், என்ன

எட்டு வாரம் முன்பே வீடுகளுக்குப் படிவம் அனுப்புங்கள்: பாட்டு, மொழி, கருவிகள், எத்தனை பேர், நின்றா உட்கார்ந்தா. "உங்க நாட்டுப் பாட்டு ஒண்ணு பாடு" என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். பிள்ளைக்கு அப்படி ஒரு பாட்டு தெரியாமலே இருக்கலாம். "வீட்டில் என்ன பாடுவீர்கள்?" என்று கேட்டால் நல்ல பாட்டு கிடைக்கும். வழிபாட்டுப் பாடல் என்றால், மேடையில் பாடலாமா, கைதட்டலாமா என்று அந்தச் சமூகத்தாரிடமே கேளுங்கள். பெயர்களின் உச்சரிப்பைக் குரல்பதிவாக வாங்கித் தொகுப்பாளரிடம் கொடுங்கள்.

படி 3: வரிசை

மேடையின் இடப்பக்கம் தரையில் அமர்ந்து வாசிப்பவர்களுக்குத் தாழ்ந்த பலகை, வலப்பக்கம் நின்று பாடுபவர்களுக்கு. இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்தினால், ஒரு பக்கம் பாட்டு நடக்கையில் மறுபக்கம் தயாராகிவிடும். ஜெம்பே போன்ற சத்தமான தோல் கருவிக்கு அடுத்து வீணையை வைக்காதீர்கள். சத்தத்துக்குப் பழகிய காதில் வீணை எடுபடாது. சின்னக் குழந்தைகள் தூங்கி விழுவதற்குள் பாடி முடிக்கட்டும்.

படி 4: சுருதி

பலரும் கடைசி வாரம் வரை மறப்பது இதைத்தான். ஆர்மோனியம், அக்கார்டியன், சைலஃபோன் ஆகியவற்றில் சுருதியை மேடையில் மாற்ற முடியாது. கம்பிக் கருவிகளும் தபலாவும் இவற்றுக்கு இணங்கட்டும். புல்லாங்குழல் குளிர்ந்திருந்தால் சுருதி இறங்கும். சிறிது நேரம் ஊதிச் சூடேற்றிய பிறகே சேர்த்துப் பாருங்கள். ஸ்காட்லாந்து பேக்பைப்பின் (பையில் காற்றடைத்து ஊதும் கருவி) சுருதி, ஏ (A) சுரத்துக்கு வழக்கமான 440 ஹெர்ட்ஸ் அளவைவிடக் கூடுதல், இந்தோனேசிய கேமலான் என்ற தாள வாத்தியக் குழுவுக்கோ தனி சுருதி முறை. இரண்டையும் மற்றக் கருவிகளோடு சேர்க்க முயலாமல் தனியாகவே வாசிக்க விடுங்கள்.

எல்லோரும் சேரும் கூட்டுப்பாட்டுக்கு ஐந்து சுர மெட்டு எடுங்கள். நம் மோகனத்தின் ச ரி க ப த அமைப்பு சீன, ஸ்காட்லாந்து நாட்டுப்புற இசையிலும் உண்டு. அதனால் எந்தக் குழுவுக்கும் அந்நியமாகத் தோன்றாது. ஒரு கட்டை சுருதியில் (கீபோர்டில் சி (C) கட்டையே ச), நடு சி முதல் மேல் சி வரைக்குள் வைத்தால் குழந்தைகள் கத்தாமல் பாடுவார்கள். சைலஃபோனில் இந்த ஐந்தில் சேராத எஃப் (F), பி (B) பட்டைகளைக் கழற்றிவிடுங்கள். எதைத் தட்டினாலும் அபசுரம் விழாது. புதிதாக வாசிப்பவருக்கும் பயம் போய்விடும்.

படி 5: ஒலி

ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால், அவையைப் பார்த்தபடி நிற்க வேண்டும். பின்னால் இருந்தால் அதன் ஒலியே மறுபடி மைக்கில் ஏறி ஊளையிடும். ஊளை வந்தால், முதலில் பயன்படாத மைக்குகளை அணையுங்கள். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பதும் ஊளைக்குக் காரணம். பிடியைத்தான் பிடிக்க வேண்டும் என்று ஒத்திகையிலேயே பழக்குங்கள்.

இருபது பேர் சேர்ந்திசைக்கு ஆளுக்கொரு மைக் தேவையில்லை. தொலைவிலிருந்தும் நுட்பமாக ஒலி வாங்கும் கண்டென்சர் மைக் இரண்டு போதும், ஆனால் மிக்சரில் (ஒலிகளைக் கலந்து அளவு மாற்றும் கருவி) 48 வோல்ட் ஃபாண்டம் பவர், அதாவது கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம், போடாவிட்டால் பெரும்பாலானவை ஒலிக்காது. கீபோர்டை டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) வழியாக இணைத்தால் நீண்ட கேபிளில் இரைச்சல் குறையும். சிறிய அரங்கில் மேளங்களுக்கு மைக்கே வேண்டாம். பின்னணி இசையெல்லாம் ஒரே மடிக்கணினியில், இணையம் இல்லாமல் ஓடும்படி இருக்கட்டும். கைபேசியில் ஓட்டினால் பாட்டின் நடுவே அழைப்பு வரும்.

படி 6: நிகழ்ச்சி நாள்

சவுண்ட் செக்கை (ஒலி அளவு சரிபார்ப்பு) தலைகீழ் வரிசையில் செய்யுங்கள்: கடைசிக் குழு முதலில், முதல் குழு கடைசியில். முடியும்போது மேடை தொடக்க உருப்படிக்குத் தயாராக இருக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒலி அளவைக் குறித்து வையுங்கள். கேபிள்களைத் தரையோடு டேப் ஒட்டி அமர்த்துங்கள். அடுத்த இரண்டு குழுக்கள் எப்போதும் மேடையோரம் காத்திருக்க, அதை மட்டுமே கவனிக்க ஒருவரை நிறுத்துங்கள்; அவர் கையில் மைக் கொடுக்காதீர்கள், அறிவிப்பு செய்யப் போய்விடுவார். காணொளி எடுப்பதானால் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் முன்பே கையில் இருக்க வேண்டும்.